செங்கல் சுவரில் கீசர்: ஆங்கர் போல்ட்டா, கெமிக்கல் ஆங்கரா?

25 லிட்டர் கீசர் என்றால் தண்ணீரே 25 கிலோ. தொட்டியின் எடை தனி. இதைச் சுவரில் தாங்க இரண்டு வழி: துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட், துளையில் பசை விட்டுக் கம்பியை ஒட்டவைக்கும் கெமிக்கல் ஆங்கர்.

செலவு: போல்ட் மலிவு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கெமிக்கலுக்குப் பசைக் குழாய், அதை அழுத்தும் கன் என்று கூடிக்கொண்டே போகும்.

பிடிப்பு: இதில்தான் விஷயமே. போல்ட் முறுக்க முறுக்க விரிந்து செங்கலை நெருக்கும். ஓரத்தில் போட்டால் பிளந்துவிடும். மதுரை மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரை இணைப்பில் துளைத்தால் மாவாய் உதிரும், போல்ட் சும்மா சுற்றும். கெமிக்கல் நெருக்காது, ஒட்டிக்கொள்ளும். ஆனால் துளையை பிரஷ் விட்டு ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் பசை தூசியில்தான் ஒட்டும்.

நேரம்: போல்ட்டில் உடனே மாட்டலாம். கெமிக்கல் இறுகும்வரை தொடக்கூடாது; மதுரை வெயிலில் சீக்கிரமே இறுகும், பசை விட்ட கையோடு கம்பியைச் செருகுங்கள்.

கெட்டியான புதுச் செங்கலுக்குப் போல்ட்டே போதும். பழைய சுவருக்குக் கெமிக்கல். அப்புறம், சுவர்ப் பூச்சின் தடிமன் துளையின் ஆழக் கணக்கில் சேராது.