சுண்ணாம்பா, செத்த பாக்டீரியாவா, உயிரோட இருக்கறதா?

ஆலைக் கழிவுத் தண்ணில கரைஞ்சிருக்கற மெட்டலை பாக்டீரியா தின்னு தீர்த்துடும்னு நிறைய பேர் எழுதறாங்க, அப்படி எதுவும் நடக்காது. எண்ணெய்னா உடைச்சு கார்பன் டை ஆக்ஸைடா ஆக்கிடும், ஆனா ஈயமும் காட்மியமும் தனிமம், அதை எந்த கிருமியாலயும் உடைக்க முடியாது. தண்ணில இருந்து எடுத்து வேற எங்கயோ வைக்கறோம், அவ்ளோதான். அதனால எடுத்ததை எங்க வைக்கறோம், அப்புறம் அதை என்ன பண்றோம்னுதான் நான் பாப்பேன்.

சுண்ணாம்பு பழைய ஆளு. அதைப் போட்டு தண்ணியோட பிஎச், அதாவது அமில-கார அளவை, ஏத்துனா மெட்டல் ஹைட்ராக்ஸைடா திரிஞ்சு அடில உக்காரும், வேகமா நடக்கும், மலிவு, யார் வேணா ஓட்டலாம். சிக்கல் என்னன்னா ஒவ்வொரு மெட்டலுக்கும் ஒரு பிஎச், குரோமியத்துக்கு 8 பக்கம் போதும், நிக்கலுக்கு 10 தாண்டணும், அந்த அளவுக்கு ஏத்தினா முதல்ல உக்காந்த குரோமியம் திரும்ப கரைய ஆரம்பிக்கும். ஆறு வேலன்சி குரோமியமா இருந்தா சுண்ணாம்புக்கு மசியாது, அதை முதல்ல மூணு வேலன்சி குரோமியமா மாத்தணும். கடைசில கூழ் மாதிரி ஸ்லட்ஜ், அதுல பாதிக்கு மேல தண்ணிதான், எல்லா மெட்டலும் கலந்து கிடக்கும், திரும்ப பிரிக்கறது பெரும்பாடு.

செத்த பாக்டீரியா வேற ரகம். பேசிலஸ் மாதிரி ஒண்ணோட செல் சுவர்ல கார்பாக்சில், பாஸ்பேட் குரூப் இருக்கு, மெட்டல் அயனி அதுல ஒட்டிக்கும், உயிர் இருக்கணும்னே அவசியமில்ல, சாப்பாடும் வேண்டாம், விஷத்துல சாகுமோங்கற பயமும் இல்ல. அப்படியே தூளா போட்டா வடிகட்ட முடியாது, அதனால ஆல்ஜினேட்ங்கற கடல்பாசி ஜெல் மணிக்குள்ள அடைச்சு நெட்டுக்குழாய்ல நிரப்புவாங்க. நிறைஞ்சதும் ஆசிட் விட்டு கழுவினா மெட்டல் அடர்த்தியா வெளிய வரும். ஆனா தண்ணி ரொம்ப அமிலமா இருந்தா ஹைட்ரஜன் அயனியே சீட் பிடிச்சுடும், கால்சியம் அதிகமா இருந்தாலும் இடம் குறையும். மெட்டல் கம்மியா இருக்கற தண்ணிக்கு இது நல்லா பொருந்தும், கெட்டியான கழிவுக்கு சீக்கிரமே நிறைஞ்சு போகும்.

எனக்கு பிடிச்சது மூணாவது, டெசல்போவிப்ரியோ மாதிரி சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடுங்கற விஷ வாயுவா மாத்தற உயிருள்ள பாக்டீரியா கூட்டம். சல்பைடு பட்டதும் மெட்டல் கீழ விழும், தாமிரம் கருப்பா, துத்தநாகம் வெள்ளையா, காட்மியம் மஞ்சளா, கலரை பாத்தே என்ன விழுதுன்னு ஓரளவு சொல்லிடலாம். ஹைட்ராக்ஸைடை விட கரைதிறன் ரொம்ப கம்மி, பிஎச்சை படிப்படியா ஏத்தினா தாமிரம் முதல்ல, துத்தநாகம் அப்புறம்னு தனித்தனியா எடுத்து உருக்கறவங்களுக்கே திருப்பிக் கொடுக்கலாம். நெதர்லாந்துல புடெல் துத்தநாக ஆலைல 1992லயே மாசுபட்ட நிலத்தடி நீருக்கு இதை ஓட்ட ஆரம்பிச்சாங்க. கிருமியை மெட்டல் தண்ணில நேரா விட்டா செத்துடும்னு சில இடத்துல அதை தனி தொட்டில வளர்த்து வாயுவை மட்டும் மெட்டல் தண்ணிக்குள்ள கொண்டு வருவாங்க, இது எனக்கு ரொம்ப புத்திசாலித்தனமா படுது.

ஆனா ஆக்சிஜன் இல்லாம வச்சுக்கணும், எத்தனாலோ ஹைட்ரஜனோ தீனியா போடணும், தொடங்கி நிலைக்க வாரக்கணக்காகும். அழுகின முட்டை நாத்தம் வேற, அதை விட ஆபத்து அளவு கூடினா மூக்கு மரத்து நாத்தமே தெரியாம போறது, அதனால வாயு மீட்டர் இல்லாம அந்த தொட்டி பக்கம் போகவே கூடாது.

ப்ளேட்டிங், அதாவது முலாம் பூசற ஆலைக் கழிவுன்னா சுண்ணாம்பு முதல்ல, அது விட்டுட்டு போற மிச்சத்துக்கு செத்த செல் நிரப்பின குழாய். சல்பேட் நிறைஞ்ச சுரங்கத் தண்ணின்னா யோசிக்காம மூணாவது. ஒண்ணு மட்டும், ஆராய்ச்சிக் கட்டுரைல வர்ற '99 சதவீதம் மெட்டலை எடுத்தோம்'ங்கறது நிறைய சமயம் சுத்தமான தண்ணில ஒரே ஒரு மெட்டலை கரைச்சு பாத்தது, உங்க கழிவை அப்படியே ஒரு சின்ன குழாய்ல விட்டு எப்ப மெட்டல் கசிய ஆரம்பிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் தொட்டி கட்டுங்க.