முதுகுக்குள் கருவியா, தோலின்மேல் பேடா?

2018 கடைசியில் அக்கா மகன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். சுவிட்சர்லாந்தில் லொசான் நகரம். தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்த ஒருவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அடி எடுத்து வைக்கிறார். "மாமா, முதுகுல ஒரு மெஷின் வெச்சிருக்காங்களாம். பாருங்க, நடக்கிறாரு."

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போய் நான் விழுந்து அப்போது இரண்டு வருடம். கழுத்தில் சி6 என்கிற ஆறாவது தண்டுவட அளவில் காயம், ஆனால் தண்டுவடம் முழுதாகப் போகவில்லை. மணிக்கட்டைத் தூக்குவேன், விரல்கள் மடங்காது. அந்த வீடியோ வந்ததிலிருந்து ஒரு மாதம் வீட்டில் இதே பேச்சு. தாய்லாந்தில் பணம் கட்டினால் அந்த மாதிரிக் கருவியை வைத்துவிடுகிறார்களாம், ஊரில் இருக்கிற இடத்தை விற்றுவிடலாமா என்று. நான் வேண்டாம் என்றேன். அதற்குப் பதில் முன்கையில் பேட் என்கிற ஒட்டுப்பட்டையை ஒட்டி, மின்சாரத்தால் தசையைத் தூண்டும் பெட்டி ஒன்றை வாங்கினேன். ஏன் அப்படி என்று இன்னமும் கேட்கிறார்கள்.

வழி மூன்று உண்டு. முதுகெலும்புக்குள், தண்டுவட உறைக்கு வெளியே, மின்சாரம் பாய்ச்சும் எலக்ட்ரோடு பட்டையை அறுவை செய்து வைப்பது ஒன்று. கழுத்து அல்லது முதுகுத் தோலின்மேல் பேட் ஒட்டி அதே தண்டுவடத்தைத் தூண்டுவது இன்னொன்று. தண்டுவடத்தை விட்டுவிட்டு, கை கால் தசைக்குப் போகும் நரம்பையே தூண்டுவது மூன்றாவது. பிசியோக்கள் எஃப்இஎஸ் என்பது இதைத்தான்.

மூன்றிலும் பேர் வாங்கியது முதலாவதுதான், அது நியாயமும்கூட. அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஆய்வாளர்கள் சூசன் ஹார்கீமாவும் ரெஜி எட்கர்டனும் அவர்கள் குழுவினரும் வலிக்காகச் சந்தையில் இருந்த ஒரு கருவியை கால் செயலிழந்த ஓர் இளைஞரின் இடுப்புப் பகுதித் தண்டுவடத்தின்மேல் வைத்தார்கள். கருவியை ஓட விட்டால் நான்கு நிமிடத்துக்கு மேல் அவர் தன் எடையைத் தானே தாங்கி நின்றார். சில மாதங்களில் கால்விரலையும் கணுக்காலையும் தன் விருப்பத்துக்கு அசைத்தார். 2011இல் அது வெளியானபோது பலர் நம்பவில்லை. கால் தசையை மின்சாரம் இழுக்கவில்லை என்பதுதான் அதில் விசேஷம். தண்டுவடத்துக்குள் வரும் உணர்வு நரம்புகளை அது லேசாகத் தட்டி எழுப்புகிறது. லோ வோல்டேஜில் ட்யூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டே நிற்கும் அல்லவா, காயத்துக்குக் கீழே இருக்கிற நரம்புப் பின்னல் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கிறது. கருவி வோல்டேஜைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. காயத்தைத் தாண்டித் தப்பி வரும் மூளையின் சன்னமான கட்டளைக்கு அதன்பிறகு விளக்கு எரிகிறது.

2018இல் லூயிவில், அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை, லொசான் மூன்று இடங்களிலிருந்தும் கால் செயலிழந்தவர்கள் நடந்த செய்தி அடுத்தடுத்து வந்தது. அந்த வீடியோக்களைப் பார்க்கிறவர்கள் பின்னால் உள்ள கணக்கைப் பார்ப்பதில்லை. லூயிவிலில் கருவி வைத்த நால்வரில் தரையில் நடந்தவர்கள் இருவர். ஒருவருக்கு 81 அமர்வு பிடித்தது, மற்றவருக்கு 85 வாரத்தில் 278 அமர்வு. நால்வரில் ஒருவருக்குப் பயிற்சியின்போதே இடுப்பெலும்பு முறிந்தது. வருடக்கணக்கில் எடை தாங்காத எலும்பு சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆகிவிடும், எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும். லொசானில் கிரேகுவார் கூர்ட்டினும் ஜோஸ்லின் பிளாக்கும் தண்டுவடக் காயத்துக்கென்றே பட்டையை வடிவமைத்து, 2022இல் மூவரை முதல் நாளிலேயே அடி எடுத்து வைக்கச் செய்தார்கள். உடல் எடையைக் கயிறு தாங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பெரிய வேலை.

ஆனாலும் வேண்டாம் என்றேன். காரணம் ஒன்றுதான்: வைத்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வது?

அமெரிக்காவில் க்ளீவ்லாந்தில் ஹன்டர் பெக்கம் குழுவினர் உருவாக்கிய ஃப்ரீஹேண்ட் என்ற கருவி 1997இல் அரசு அனுமதி பெற்றது. என்னைப் போலக் கழுத்தில் அடிபட்டு விரல் மடங்காதவர்களுக்கானது. எட்டு எலக்ட்ரோடுகள் கைக்குள்ளே, கட்டுப்படுத்துவது எதிர்ப்புறத் தோள் அசைவு. இருநூறு பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். முள்கரண்டி பிடித்தார்கள், பேனா பிடித்தார்கள். கருவியில் குறையே இல்லை. 2001இல் கம்பெனி அந்த வியாபாரத்திலிருந்து விலகிக்கொண்டது. அதற்குப் பிறகு வெளியே இருக்கிற வயர் பழுதானால் மாற்று வயருக்கு எங்கே போவது? உள்ளே இருப்பது நன்றாகத்தான் இருக்கும், வெளியே ஒரு வயர் இல்லாமல் கை மறுபடி பழைய கை ஆகிவிடும். பார்வையற்றோருக்கான ஆர்கஸ் என்ற செயற்கை விழித்திரைக்கும் பின்னாளில் இதே கதிதான் நேர்ந்தது.

பேட்டரியையும் யோசித்துப் பாருங்கள். தோலுக்கடியில் இருக்கிற பேட்டரி சில வருடத்தில் தீரும், சார்ஜ் ஏற்றும் வகை கூடுதலாக உழைக்கும். ஏதோ ஒரு நாள் மறுபடி கீறித்தான் மாற்ற வேண்டும். பட்டை இடம் நகர்ந்தால் மறுபடி ஆபரேஷன் மேசை. கிருமி தொற்றினால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி வளர்கிறதா என்று பார்க்க எங்களுக்கு எம்ஆர்ஐ தேவைப்படும், எல்லாக் கருவியோடும் அந்த மெஷினுக்குள் போக முடியாது. ஆய்வில் சேர்ந்தவருக்கு இதையெல்லாம் பார்க்க ஒரு குழு இருக்கிறது. காசு கொடுத்து வாங்கி விமானம் ஏறி ஊர் திரும்புகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? நாளைக்கு இதைக் கழற்ற வேண்டுமென்றால் எங்கே போவது என்று அக்கா மகன் தாய்லாந்து முகவரிடம் போனில் கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

என் பெட்டியின் கதையைச் சொல்கிறேன். மூன்றாவது வருடம் பின் செருகும் இடத்தில் வயர் அறுந்தது. கடைத்தெருவில் மிக்ஸி ரிப்பேர் செய்கிறவரிடம் அப்பா கொண்டுபோனார். பத்து நிமிடத்தில் பற்றவைத்துக் கொடுத்து, டீ காசு போதும் என்றாராம். பேட் வியர்வையில் ஒட்டாது, சித்திரை வைகாசியில் ஜெல் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரிட்ஜில் மோர்ச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் வரும். அம்மா முதலில் முகம் சுளித்தார், அப்புறம் பழகிவிட்டது. போனால் சில நூறு ரூபாய்க்குப் புது செட்.

குறை இல்லாமல் இல்லை. தசைக்குப் போகும் நரம்பு உயிரோடு இருந்தால்தான் எஃப்இஎஸ் வேலை செய்யும், அது செத்திருந்தால் பெட்டி வீண். தசை சீக்கிரம் களைத்துவிடும். பேட் அரை அங்குலம் தள்ளிப் போனால் நடுவிரலுக்குப் பதில் சுண்டுவிரல் மடங்கும். கழுத்துக் காயக்காரர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென ஏறித் தலை இடிப்பது உண்டு, மின்சாரமும் அதைக் கிளப்பலாம். முதல் சில வாரம் பிசியோ பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். பெட்டி ஓடும்போது டம்ளரை இறுகப் பிடிக்கிறேன், நிறுத்தினால் முக்கால்வாசி போய்விடுகிறது. மிஞ்சுவது கட்டைவிரலில் ஒரு சின்ன அழுத்தம். ஸ்பூனுக்கு அது போதும். அது மின்சாரத்தால் வந்ததா, தினமும் ஒரு மணி நேரம் கையோடு மல்லுக்கட்டியதால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது வழி என் உடம்பில் பட்டதில்லை, படித்ததை வைத்துச் சொல்கிறேன். வினாடிக்கு 10,000 அதிர்வுள்ள மின்னலையைத் துடிப்பு துடிப்பாகக் கொடுத்தால், வலுவான மின்சாரத்தையும் தோல் பொறுத்துக்கொள்கிறது. எட்கர்டன் குழு 2015இல் ஐந்து பேரிடம் இதைக் காட்டியது. 2024இல் வெளியான ஒரு சோதனையில் கழுத்துக் காயமுள்ள 60 பேருக்கு இரண்டு மாதம் வெறும் பயிற்சி, அடுத்த இரண்டு மாதம் தூண்டலோடு பயிற்சி. 72 சதவீதம் பேருக்குக் கை வலுவும் செயலும் கூடியது. அடிபட்டு 34 வருடம் ஆனவரும் அதில் இருந்தார். கருவியால் பெரிய தீங்கு யாருக்கும் இல்லை. அந்த டிசம்பரிலேயே அமெரிக்க அனுமதியும் வந்தது. தனியாக ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனை என்பதால் அந்த 72ஐ அப்படியே என் கைக்குக் கணக்குப் போட மாட்டேன். ஆனாலும் ஒன்றிரண்டு பேரின் வீடியோவைவிட 60 பேரின் விரல் வலுவை நான் நம்புவேன்.

உள்ளே வைப்பதுதான் சரி என்று படுகிற ஆட்களும் உண்டு. உட்கார வைத்தாலே ரத்த அழுத்தம் இறங்கி மயங்குகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அதை உள்கருவியால் நிமிர்த்த முடியும் என்று லொசான் குழுவும் கனடாவின் கால்கரி குழுவும் 2021இல் காட்டின. நாற்காலியில் முழுசாக ஒரு மணி நேரம் உட்கார முடியாதவரிடம் போய் வயர் கதை பேசுவது அபத்தம். எனக்கு அந்தத் தொல்லை கொஞ்சம்தான், காலையில் உப்புப் போட்ட மோரில் சமாளித்துவிடுகிறேன்.

கழுத்தில் ஒட்டுகிற அந்தப் பெட்டி நம் பக்கம் நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் வந்தால் முதல் ஆளாக ஒட்டிப் பார்ப்பேன். ஒத்துவராவிட்டால் பிய்த்துப் போட்டுவிடலாம்.