என்எஃப்எஸ் அனுமதி: சப்நெட்டா, பெயரா, நெட்குரூப்பா?

ஒரே என்எஃப்எஸ் சர்வர் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிர்வது), ஒரே டைரக்டரி. மென்பொருளைத் தொகுக்கும் பில்டு மெஷின்கள் அதில் எழுத வேண்டும், மேசைக் கணினிகள் படித்தால் போதும். யாருக்கு என்ன அனுமதி என்று சர்வரில் எழுதிவைக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் இந்த இரண்டு கூட்டத்தையும் எப்படிக் குறிப்பிடுவது? சப்நெட் (ஐபி முகவரிகளின் ஒரு தொகுதி), நட்சத்திரக் குறி போட்ட பெயர், நெட்குரூப் (பெயர் வைத்த மெஷின் பட்டியல்) என்று மூன்று வழி. மூன்றிலும் குப்பை கொட்டிவிட்டு இப்போது நெட்குரூப்பில் நிற்கிறேன்.

சப்நெட்தான் எளிது. பெயரையும் ஐபியையும் இணைத்துச் சொல்லும் டிஎன்எஸ் விழுந்தாலும் கவலையில்லை. உங்கள் நெட்வொர்க்கே கூட்டவாரியாக விலான் (தனித்தனி உள்நெட்வொர்க்) பிரித்து, மெஷின்கள் இடம் மாறாமல் இருந்தால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் முறையை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். சர்வருக்கு வந்து சேர்வது ஐபி முகவரி. அதிலிருந்து பெயரைத் தேடித்தான் பொருத்திப் பார்க்கிறது. புதிய மெஷினுக்குப் பெயர்ப் பதிவு போட்டவர் தலைகீழ்ப் பதிவை (ஐபியிலிருந்து பெயரைச் சொல்வது) போட மறந்திருந்தார். பெயர் சரியாக இருந்தும் அந்த மெஷினில் டைரக்டரி மவுண்ட் ஆகவில்லை, அதாவது இணையவில்லை. அரை நாள் போச்சு.

என்னை நெட்குரூப் பக்கம் தள்ளியது பராமரிப்புதான். ஒரு மேசைக் கணினியைப் பில்டு வேலைக்கு எடுக்கிறோம் என்று வையுங்கள். சப்நெட் முறையில் அதன் ஐபியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அதற்கு மட்டும் தனியாக விதிவிலக்கு எழுத வேண்டும். யாரும் ஐபியை மாற்றுவதில்லை, விதிவிலக்குதான் எழுதுவார்கள். நானும் எழுதினேன். ஒரு வருடம் கழித்து எது எதற்காகப் போட்டது என்று எனக்கே தெரியவில்லை.

நெட்குரூப்பில் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத் தொடவே வேண்டாம். அங்கே @பில்டு என்று ஒரு முறை எழுதினால் முடிந்தது. மெஷின் பட்டியல் நெட்குரூப் கோப்பில் தனியாக இருக்கும்: (பில்டு07,,) என்ற மாதிரி. அடைப்புக்குள் இருப்பவை மெஷின், பயனர், டொமைன் என்று மூன்று இடங்கள். என்எஃப்எஸ் விஷயத்தில் முதல் இடம்தான் வேலைக்கு ஆகும், ஆனால் காற்புள்ளி இரண்டும் இருக்க வேண்டும். ஒரு குரூப்புக்குள் இன்னொரு குரூப்பையும் போடலாம். இதற்கு என்ஐஎஸ், எல்டாப் மாதிரி மையப் பட்டியல் சேவைகள் எல்லாம் கட்டாயமில்லை. சர்வரிலேயே ஒரு கோப்பு போதும். இங்கேயும் மெஷின் பெயர்தான் என்பதால் தலைகீழ்ப் பதிவுத் தொல்லை முழுசாகப் போகாது. நான் சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஐபியையும் பெயரையும் எழுதிச் சமாளிக்கிறேன்.

மாறும்போது ஒரு அடி வாங்கினேன். டைரக்டரிக்கு மேசைக் கணினிகளைப் படிக்க மட்டும் என்று நெட்குரூப்பில் போட்டுவிட்டு, எழுத அனுமதித்த பழைய சப்நெட்டையும் ‘இருக்கட்டும்’ என்று விட்டுவைத்தேன். எல்லாக் கணினியும் ஜோராக எழுதிக்கொண்டிருந்தன. தனி மெஷின், சப்நெட், நட்சத்திரப் பெயர், நெட்குரூப் என்பதுதான் முன்னுரிமை வரிசை. வரியில் எதை முன்னால் எழுதினாலும் சப்நெட் நெட்குரூப்பை முந்திவிடும். பழையதை அழித்த பிறகுதான் சரியானது.

இன்னொன்று, பட்டியலிலிருந்து ஒரு மெஷினை எடுத்தாலும் உடனே அனுமதி போகாது. சர்வர் பழைய விடையை இயல்பாக 30 நிமிடம் வரை நினைவில் வைத்திருக்கும். அவசரமென்றால் அந்த நினைவைத் துடைக்கும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -எஃப் கட்டளையை அடித்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது நாற்பது சொச்சம் மெஷின்கள்தான். நூற்றுக்கணக்கில், எல்டாப் வழியாக நான் ஓட்டியதில்லை. அப்புறம், மூன்று வழியுமே கடைசியில் ஐபியை நம்புகிறவைதான். வேறொருவர் அந்த ஐபியை எடுத்துக்கொண்டால் கதவு திறந்துவிடும். அதற்கு மருந்து, ஐபியை நம்பாமல் ரகசியச் சாவி வைத்து ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ். அதைச் சோதனைக்கு ஒரு முறை ஓட்டிப் பார்த்ததோடு சரி.

எந்த வழியில் போனாலும், எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் குரூப் பெயருக்கும் அதன் அனுமதியைச் சொல்லும் அடைப்புக்குறிக்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள். விட்டால் அடைப்புக்குள் இருக்கும் எழுத்து அனுமதி ஊர் உலகத்துக்கே போய்விடும், உங்கள் குரூப்புக்கு இயல்பான படிப்பு அனுமதிதான் மிஞ்சும். கோப்பைத் தொட்டால் அதை மறுபடி ஏற்ற எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ, அடுத்து பட்டியலைப் பார்க்க -வி. பட்டியலில் ‘வேர்ல்டு’ என்று ஒரு வரி தெரிந்தால் எங்கோ அந்த இடைவெளி இருக்கிறது.