செயின்ட் லூயிஸ் போகிறீர்களா? தேடலில் மேலே வரும் ஹோட்டல் நம்பரை நம்பாதீர்கள்

சிகாகோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் லாங் வீக்கெண்டுக்கு மிசௌரி மாநிலத்தில் இருக்கும் செயின்ட் லூயிஸ் போவதைப் பற்றி யோசிப்பதே இல்லை. நல்ல ஊர். தாராளமாகப் போங்கள். ஆனால் ஹோட்டல் புக் பண்ணும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களை ஏமாற்றியது அந்த ஊரும் இல்லை, ஹோட்டலும் இல்லை. ஹோட்டல் மாதிரியே போனில் பேசிய வேறு ஒரு கம்பெனி.

2025 மே மாதம், மெமோரியல் டே விடுமுறை. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். சிகாகோ புறநகரான எங்கள் நேப்பர்வில்லிலிருந்து ஐ-55 நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதனால் லிஃப்டுக்குப் பக்கத்தில், இரண்டு குயின் பெட் இருக்கும் ரூம் வேண்டும் என்று நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ள நினைத்தோம். ஹோட்டல் பெயரைத் தேடியதும் முதலில் வந்த நம்பருக்கு என் கணவர் போன் போட்டார். "ரிசர்வேஷன்ஸ்" என்று எடுத்தார்கள். "இது ஹோட்டல்தானே?" என்று கேட்டதற்கு, "ஆமாம் சார், ரிசர்வேஷன் டெஸ்க்" என்று பதில். இரண்டு குயின் பெட்டா? ஆமாம். லிஃப்ட் பக்கமா? குறித்துக்கொள்கிறோம். இரவுக்கு 149 டாலர், வரி தனி, இன்னும் ஒரே ஒரு ரூம்தான் பாக்கி, உடனே கார்டு நம்பர் சொல்லுங்கள்.

மின்னஞ்சல் வந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. இரண்டு இரவுக்கு ரூம் வாடகை 298 டாலர். அதற்குக் கீழே "வரிகளும் கட்டணங்களும்" என்று ஒரே வரியில் 141 டாலர். முழுத் தொகையையும் அப்போதே கார்டில் எடுத்துவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டால், ரத்து செய்தால் ஒரு பைசா வராது என்றார்கள்.

ஹோட்டலுக்குப் போய் இறங்கிய பிறகு அடுத்த இடி. ரிசப்ஷனில் இருந்த பெண் மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பியே காட்டினார்: ஒரு கிங் பெட், இரண்டு பெரியவர்கள். லிஃப்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூட வந்த அப்பா அம்மாவைப் பற்றியும் இல்லை. அந்த ஊர் வரி ஐம்பது சொச்சம்தான் வரும், மீதி அந்தக் கம்பெனி தனக்காகப் போட்டுக்கொண்டது என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். பணம் ஹோட்டல் கையில் இல்லாததால் அவர்களால் ரீஃபண்ட் தர முடியாது. விடுமுறைக் கூட்டம், வேறு ரூமும் இல்லை. பாவம், அவர்கள் மடக்குக் கட்டில் ஒன்று ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். முழங்கால் வலியோடு அப்பா அதில் படுத்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

இது சட்டத்துக்கே விரோதமான வேலை என்பதுதான் முக்கியம். ஹோட்டல் போலப் பேசி முன்பதிவு விற்றவர்கள் மேல், நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.சி 2017-இலேயே நடவடிக்கை எடுத்திருக்கிறது. 2025 மே 12 முதல் புது விதியும் வந்துவிட்டது. தங்குமிடத்துக்கு விலை சொல்லும்போது கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த மொத்தத்தைத்தான் சொல்ல வேண்டும். அரசாங்க வரியை மட்டும் தனியாகக் காட்டலாம். சேவைக் கட்டணத்தை வரியோடு கலந்து ஒளித்துவைக்கக் கூடாது.

நாங்கள் கிரெடிட் கார்டு பேங்கில் டிஸ்ப்யூட் போட்டோம். அந்தக் கட்டணம் வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். ஹோட்டலில் தங்கள் பதிவில் இருந்ததை அச்சடித்துக் கொடுத்தார்கள், அதுதான் கைகொடுத்தது. சேவைக் கட்டணம் மட்டும் திரும்ப வந்தது. தவறான ரூமுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கம்பெனி கடைசியாகத் தந்தது அடுத்த புக்கிங்குக்கு ஒரு கூப்பன்!

அதனால், ஹோட்டலின் சொந்தத் தளத்துக்குப் போய் அங்கே இருக்கும் நம்பரை எடுங்கள். செயின்ட் லூயிஸ் ஹோட்டல்களின் நேரடி எண் பெரும்பாலும் 314-இல் தொடங்கும். எடுப்பவரிடம் "ஃப்ரன்ட் டெஸ்க்கா? பார்க்கிங்குக்கு எந்தத் தெரு வழியாக நுழைய வேண்டும்?" என்று கேளுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் சட்டென்று சொல்வார். வேறு எங்கேயாவது புக் பண்ணியிருந்தால், கிளம்புவதற்கு முன்பே ஹோட்டலைக் கூப்பிட்டு என்ன ரூம் பதிவாகியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு இன்னும் எரிச்சல் என்னவென்றால், இந்த ஊரில் செலவே இல்லாமல் இரண்டு நாள் சுற்றலாம். 1904 உலகக் கண்காட்சி நடந்த ஃபாரஸ்ட் பார்க்கில் மிருகக்காட்சி சாலை, கலை அருங்காட்சியகம், வரலாற்று அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் நுழைவு இலவசம். அந்த ஊர் மக்கள் வாக்களித்துத் தங்கள் சொத்து வரியிலிருந்து ஒதுக்கும் பணம்தான் அந்தச் செலவுக்கு உதவுகிறது. மிருகக்காட்சி சாலையின் சொந்தப் பார்க்கிங்குக்குத்தான் காசு. பூங்காத் தெருக்களில் சும்மாவே நிறுத்தலாம், காலையிலேயே போய்விடுங்கள்.

கேட்வே ஆர்ச் டிக்கெட்டிலும் இதே கவனம் வேண்டும். 630 அடி உயர வளைவின் உச்சிக்குப் போகும் டிராம் விடுமுறை நாட்களில் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆர்ச்சின் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே முன்கூட்டி வாங்குங்கள். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இன்னொன்று: டிராம் என்றாலும் ஏறி இறங்கப் படிகள் நிறைய உண்டு, ஐந்து பேர் உட்காரும் பெட்டிக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு டிக்கெட் வாங்காதீர்கள். அடியில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை, அப்பாவும் அம்மாவும் அங்கேயே நிம்மதியாகப் பொழுதைப் போக்கினார்கள்.