மூன்று வருடம் ட்ரெய்லர் இழுத்த பிறகு சொல்கிறேன்: அந்தப் பெரிய எண்ணை நம்பாதீர்கள்

போன வாரம் நண்பன் ஒருவன் போனில் கேட்டான். "உன் வண்டியையே நானும் வாங்கலாம்னு இருக்கேன். 2,270 கிலோ இழுக்கும்னு போட்டிருக்கு. நான் பார்த்து வச்சிருக்கிற, உள்ளேயே தங்குற ட்ரெய்லர் 1,560 கிலோதான். 700 கிலோ மிச்சம் இருக்கே, போதும்ல?"

மூன்று வருடத்துக்கு முன் நான் போட்ட கணக்கும் இதேதான். எண்கள்கூட மாறவில்லை, ஏனென்றால் அவன் பார்த்து வைத்திருப்பது என் ட்ரெய்லரின் அதே மாடல். பதில் சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது. வீட்டில் யாரோ எட்டிப் பார்த்து, "யாரோடு சண்டை?" என்று கேட்டார்கள். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வரிசை இருக்கை, டர்போ பெட்ரோல் இன்ஜின். ட்ரெய்லரோடு மட்டும் 19,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இழுப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மலைப்பாதையில்கூட கியர் இறங்கி, கொஞ்சம் உறுமி, தன் பாட்டுக்கு ஏறிவிடும். டர்போ இல்லாத இன்ஜின் என்றால் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 10 சதவீத சக்தியைக் காற்றிடம் இழந்துவிடும். இது அந்த அளவுக்குத் திணறுவதில்லை. மைலேஜ் பாதியாகிவிடும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ட்ரெய்லரின் முகம் ஒரு சுவர் மாதிரி. 90-ல் போகிறவர் 110-க்குப் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்காகிவிடும். நான் இப்போதெல்லாம் 90-ஐத் தாண்டுவதில்லை. ட்ரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு 105 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்பது தெரிந்தபின் தாண்டத் தோன்றவும் இல்லை.

ஆக, இன்ஜினால் எனக்குத் தொந்தரவு இல்லை. தொந்தரவு கொடுப்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அகல ஸ்டிக்கர்.

அதில் டயர் காற்றழுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது. பேலோடு என்பது இதுதான். என் வண்டிக்கு 620 கிலோ. வாங்கும்போது இதை யாரும் எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து பேர் ஏறினாலும் 350 கிலோ, 620 எங்கே போகிறது என்றுதான் நினைத்திருப்பேன்.

எங்கே போகிறது என்று சொல்கிறேன். ட்ரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரத்தின் மேல் நிற்பதில்லை. ஒரு பங்கு முன்னால் வந்து, ட்ரெய்லரை மாட்டுவதற்காக நம் வண்டியின் பின்னால் இருக்கும் ஹிட்ச் பந்தின் மேல் உட்காரும். மாட்டு வண்டிக்காரர்கள் முன்பாரம் என்பார்களே, அதேதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்க வகை ட்ரெய்லர்களுக்கான வழக்கம். ஐரோப்பிய கேரவன்களுக்கு 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். அவற்றின் வடிவமைப்பும் ஓடும் வேகமும் வேறு. இரண்டு பக்கத்து வீடியோக்களையும் கலந்து பார்த்துவிட்டுக் குழம்பாதீர்கள். நான் குழம்பினேன்.

இந்த முன்பாரம் பேலோடு கணக்கில் சேரும். அதாவது ட்ரெய்லரின் மூக்கு, பின்சீட்டில் இன்னும் மூன்று தடியான ஆட்கள் ஏறி உட்கார்ந்த மாதிரி. என் கணக்கைப் பாருங்கள். நாங்கள் நான்கு பேர் 260 கிலோ. டிக்கியில் பைகள் 90. முன்பாரத்தை எல்லா அச்சுகளுக்கும் பிரித்துத் தள்ளும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்ற இரும்புச் சாமான் மட்டும் 40. முன்பாரம் 250. கூட்டினால் 640. ஸ்டிக்கர் சொல்வது 620.

சாமானோடு என் ட்ரெய்லர் 1,930 கிலோ; இழுதிறனில் இன்னும் 340 கிலோ மிச்சம் இருக்கும்போதே வண்டி நிறைந்துவிட்டது. இதை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இந்த 2,270-க்காகவே சொன்னது போல இருக்கிறது.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், அந்த எண் பொய்யில்லை. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்த ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணை பக்கத்து ஏற்றத்தை அளவுகோலாக வைத்து, ஏசியை முழுதாக ஓடவிட்டு, சுமார் 18 கிலோமீட்டர் ஏற வேண்டும். வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது. அதில் தேறிய வண்டி உண்மையிலேயே இழுக்கும். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது இரண்டே பேர், ஆளுக்கு 68 கிலோ. பிள்ளைகள் இல்லை, பைகள் இல்லை, மடக்கு நாற்காலி இல்லை. இரண்டு ஒல்லியான ஆட்கள் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு எங்கேயோ போகிறார்கள். அவர்கள் நிம்மதியாகப் போகட்டும்.

அடுத்த ஏமாற்று, ட்ரெய்லரின் டிரை வெயிட். 1,560 என்பது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த எடை. பேட்டரி இல்லை, எரிவாயு சிலிண்டர் இல்லை, ஒரு கரண்டிகூட இல்லை. என்னுடையது பயணத்துக்குக் கிளம்பும்போது 1,930. அதிலும் பேட்டரியும் சிலிண்டர்களும் உட்காருவது ட்ரெய்லரின் மூக்கில்தான். நிரம்பிய இரண்டு சிலிண்டர் 34 கிலோ, பேட்டரி 25. விளம்பரத்தாளில் போட்டிருக்கும் முன்பாரம் இவற்றைச் சேர்க்காத முன்பாரம். டிரை வெயிட்டை மறந்துவிட்டு, ட்ரெய்லரின் தகட்டில் உள்ள ஜிவிடபிள்யூஆர், அதாவது மொத்த எடை வரம்பு, எவ்வளவு என்று பாருங்கள். அதில் 13 சதவீதம் போட்டுப் பாருங்கள். வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு அவ்வளவுதான். நான் வாங்கிய பிறகு செய்தேன்.

அந்த 250 எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? முதலில் வீட்டிலேயே அளந்தேன். ஆள் எடை பார்க்கும் மிஷின் 150 கிலோவோடு நின்றுவிடும், நேராக வைத்தால் உடைந்துவிடும். ஒரு தடித்த பலகையை எடுத்து, ஒரு முனையை மிஷின் மேலும் மறு முனையை அதே உயரத்துக்கு அடுக்கிய செங்கல் மேலும் வைத்தேன். செங்கலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ட்ரெய்லரின் மூக்கைத் தாங்கும் ஜாக் கால் வருமாறு மெதுவாக இறக்கினேன். பலகை முனகியது. மிஷின் 83 என்று காட்டியது. மூன்றால் பெருக்கினால் 249. ட்ரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும், இரண்டையும் மறக்காதீர்கள்.

பிறகு லாரிகள் எடை போடும் மேடைக்குப் போனேன். இந்த மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே முழுச் சந்தோஷம் அந்த மேடைதான். மூன்று முறை ஏற வேண்டும். முதலில் ட்ரெய்லரை மாட்டி, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பிகளையும் இறுக்கி. இரண்டாவது, கம்பிகளைத் தளர்த்திவிட்டு. மூன்றாவது, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டி மட்டும். ஒவ்வொரு முறையும் அச்சு அச்சாக எடை வாங்க வேண்டும், மொத்த எடை மட்டும் போதாது. ஆட்கள் இறங்கக் கூடாது. மகள் மூன்று முறையும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அசைந்தால் எடை மாறிவிடும் என்று அவளே முடிவு செய்துகொண்டு.

வண்டி மட்டும்: முன் அச்சு 1,200, பின் அச்சு 1,230, ஆக 2,430. ட்ரெய்லர் மாட்டி, கம்பி இல்லாமல்: முன் 1,090, பின் 1,590, ஆக 2,680. வித்தியாசம் 250. என் செங்கல் கணக்கு ஒரே ஒரு கிலோ பிசகியிருக்கிறது! அந்தச் சீட்டை இன்னும் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சந்தோஷம் முடிந்தபின் பயம் வந்தது. முன் அச்சு 110 கிலோ இலேசாகியிருப்பதைக் கவனியுங்கள். பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும், சீ-சா பலகை மாதிரி. ஸ்டீரிங்கும் பிரேக்கின் பெரும்பங்கும் இருப்பது அந்த முன் சக்கரங்களில். பின் அச்சுக்கு என் வண்டியில் வரம்பு 1,480, அதன் மேல் நிற்பது 1,590. கம்பிகளை இறுக்கியபோது முன் 1,170, பின் 1,465, மீதி 45 கிலோ ட்ரெய்லரின் அச்சுக்குப் போய்விட்டது. வண்டியின் மொத்த எடை 2,635. வரம்பு 2,660. தப்பித்தேன், 25 கிலோவில்.

முழுசாகத் தப்பவில்லை. பம்பருக்கு அடியில் ஹிட்ச் மேலேயே இன்னொரு சின்னத் தகடு உண்டு, குனிந்து டார்ச் அடித்தால்தான் தெரியும். முன்பாரம் அதிகபட்சம் 227 கிலோ என்று அதில் இருந்தது. 2,270-ல் பத்தில் ஒன்று. கம்பி இறுக்கினால் எடை வெவ்வேறு அச்சுக்குப் பிரியும், ஆனால் அந்தத் தகட்டில் உள்ள எண் பெரிதாகிவிடாது. விற்பனையாளர் ஒருவர் என்னிடம், "வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் போட்டால் பேலோடு கவலையே இல்லை சார்" என்றார். கவலை அவருக்கு இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கேதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முன்பாரம் அதிகமா, பின்னால் எடை ஏற்றினால் குறைந்துவிடுமே என்று ட்ரெய்லரின் வாலில் தாங்கி பொருத்தி நான்கு சைக்கிள்களை மாட்டினேன். திரும்பி வரும்போது அச்சுக்குப் பின்னால் இருந்த கழிவுநீர்த் தொட்டியும் பாதி நிரம்பியிருந்தது. 95-ல் போய்க்கொண்டிருந்தேன், இறக்கம் வேறு. ஒரு பெரிய லாரி முந்தியது. அதன் காற்று முதலில் எங்களைத் தள்ளி, பிறகு இழுத்தது. பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரின் சுவர் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகமாக. ஸ்டீரிங் என் கையில்தான் இருந்தது, ஆனால் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. இந்த நேரத்தில் கால் பிரேக்கைத்தான் தேடும். அழுத்தக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கை நெம்புகோலால் ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். பிடித்தேன். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து நிறுத்தியது போல இழுத்து நேரானது. அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அதே நிலையில் பலகை வைத்து அளந்தபோது முன்பாரம் 8 சதவீதம்தான் இருந்தது. சதவீதம் மட்டுமில்லை, இரண்டு முனையிலும் கனம் இருந்தால் ஆட ஆரம்பித்த ட்ரெய்லர் லேசில் அடங்காது. சரியான வழி, கனமான சாமானை அச்சின் மேல் வைப்பது. முன்பெட்டியில் இருந்த டூல் பாக்ஸ், ஜாக், தகரச் சாமான்கள் எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். முன்பாரம் 222-க்கு இறங்கியது, அதாவது 11.5 சதவீதம். வண்டியின் வரம்புக்கு இப்போது 50 கிலோ மிச்சம் இருந்தது. தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர், நிரப்பினால் 150 கிலோ. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த வரம்பில் எனக்கு மிச்சம் 120 கிலோதான், அதனால் 20 லிட்டரோடு கிளம்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்கிறேன்.

இதெல்லாம் சாத்தியம்தான். என் எரிச்சல் என்னவென்றால், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இதே கணக்கு. கிளம்பும் முன் குடும்பத்தையே தராசில் ஏற்றும் ஆளாகிவிட்டேன். "இந்த டெலஸ்கோப் எத்தனை கிலோ?" என்று மகனிடம் கேட்கிறேன். உல்லாசத்துக்காக வாங்கிய பொருள், என்னைச் சரக்குக் குடோன் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டது.

நண்பனிடம், கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். ஷோரூமில் நின்ற வண்டியில் எடுத்து அனுப்பினான். 565 கிலோ. அதே மாடல்தான், ஆனால் மேல்ரகம். கண்ணாடிக் கூரை, மின்சார இருக்கை, பெரிய சக்கரம் எல்லாம் வரவர பேலோடு தேய்ந்துகொண்டே போகும். அவன் வீட்டில் ஐந்து பேர், நாய் ஒன்று.

வாங்காதே என்றேன். "அப்போ நீ வித்துடப் போறியா?" என்றான். இல்லை. அந்த இன்ஜின் மலையேறும் சத்தத்துக்காகவே வைத்துக்கொள்வேன். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ட்ரெய்லர் இழுக்க வாங்குகிறவருக்கு ஒன்று.

அடுத்த மாதம் மறுபடி கிளம்புகிறோம். நேற்று எல்லோரையும் எடை மிஷினில் ஏற்றினேன். மூன்று வருடத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து 27 கிலோ கூடியிருக்கிறார்கள். மிச்சம் 23. டெலஸ்கோப் வருவதாக இருந்தால் என் நாற்காலி வராது என்று மகன் சொல்லிவிட்டான்.