இன்சூரன்ஸ் கம்பெனி எவ்வளவு மூலதனம் வைக்க வேண்டும்? இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பா: மூன்று முறைகள், ஓர் அலசல்

இந்தியக் கம்பெனி ஒன்றின் சால்வன்சி விகிதம் 1.9. ஐரோப்பியக் கம்பெனி ஒன்று 210 சதவீதம் காட்டுகிறது. அமெரிக்கக் கம்பெனி ஒன்று 420 சதவீதம் காட்டுகிறது. எது பலமான கம்பெனி? மேலோட்டமாகப் பார்த்தால் அமெரிக்கக் கம்பெனிதான் என்று தோன்றும். ஆனால் இந்த மூன்று எண்களை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. கம்பெனி கையில் உள்ள சொந்தப் பணத்தை, அரசு "இவ்வளவாவது இருக்க வேண்டும்" என்று கேட்கும் தொகையால் வகுத்தால் வருவதுதான் இந்த விகிதம். அந்த இரண்டு தொகைகளையும் மூன்று இடங்களில் மூன்று விதமாகக் கணக்கிடுகிறார்கள்.

இந்தப் பேச்சு இப்போது நமக்கு எதற்கு? இந்திய ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, பழைய முறையை விட்டுவிட்டு அபாயத்தின் அளவுக்கேற்ப மூலதனம் கேட்கும் முறைக்கு மாறும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. இலங்கை 2016-லேயே மாறிவிட்டது. மாறுவது சரி, யாரைப் பார்த்து மாறுவது? அமெரிக்க மாநிலங்கள் 1990-களில் கட்டிய முறை ஒன்று இருக்கிறது; ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 'சால்வன்சி 2' இருக்கிறது. சூத்திரங்களைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுகிறார்கள். அந்த எண் விழுந்த பிறகு யார், எத்தனை நாளுக்குள், என்ன செய்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு முறையின் தரம் தெரியும் என்பது என் கருத்து.

இந்தியாவில் இப்போது இருப்பது

1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64விஏ பிரிவுதான் அடிப்படை. பொதுக் காப்பீட்டுக்கான கணக்கு எளிது. பிரீமியத்தில் 20 சதவீதம், கிளெய்மில் 30 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அதுதான் தேவைப்படும் தொகை. அதைப்போல் ஒன்றரை மடங்கு கையில் இருக்க வேண்டும், 1.5 என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது. (மறுகாப்பீட்டை, அதாவது கம்பெனி தன் ஆபத்தில் ஒரு பகுதியை வேறு காப்பீட்டுக் கம்பெனியிடம் ஒப்படைப்பதை, எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. இங்கே அதை விட்டுவிடுகிறேன்.)

மோட்டார் காப்பீடு விற்கும் ஒரு கம்பெனியின் நிகர பிரீமியம் (மறுகாப்பீடு போக மிஞ்சுவது) 1,000 கோடி ரூபாய், நிகர கிளெய்ம் 800 கோடி என்று வைத்துக்கொள்வோம். பிரீமியத்தின்படி 200 கோடி, கிளெய்மின்படி 240 கோடி. பெரியது 240. ஒன்றரை மடங்காக்கினால் 360 கோடி. ஆண்டறிக்கையைக் கையில் வைத்திருக்கும் யாரும் சரிபார்த்துவிடலாம். இந்த முறையின் பெரிய நன்மை இதுதான்.

இப்போது அதே கம்பெனி, போட்டியில் வண்டிகளைப் பிடிப்பதற்காக விலையை 30 சதவீதம் குறைக்கிறது. காப்பீடு செய்த வண்டிகள் அதே எண்ணிக்கை, விபத்தும் அதே அளவு. பிரீமியம் மட்டும் 700 கோடியாகிவிட்டது. பிரீமியக் கணக்குப்படி தேவை 140 கோடிக்கு இறங்குகிறது. ஆபத்து கூடியிருக்கும்போது கேட்கும் மூலதனம் குறைகிறது. கிளெய்ம் கணக்கு இதைத் தடுத்து நிறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் மூன்றாம் நபர் மோட்டார் வழக்குகள் தீர்ப்பாயங்களில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை கிளெய்ம் எவ்வளவு வரும் என்பது கம்பெனியே போடும் மதிப்பீடு. அந்த மதிப்பீட்டைக் குறைத்துப் போட்டால், தேவைப்படும் மூலதனமும் சேர்ந்து குறைந்துவிடும்.

ஆயுள் காப்பீட்டிலும் இதே கோளாறு வேறு உருவில் இருக்கிறது. அங்கே பாலிசிதாரர்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கும் தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கு மூலதனமாகக் கேட்கப்படுகிறது. எச்சரிக்கையாக அதிகம் ஒதுக்கும் கம்பெனி அதிக மூலதனம் வைக்க வேண்டும். துணிந்து குறைவாக ஒதுக்கும் கம்பெனிக்குக் குறைந்த மூலதனம் போதும். முதலீட்டில் உள்ள ஆபத்தும் இந்தச் சூத்திரத்துக்குள் நேரடியாக வருவதில்லை. அதை இந்தியா வேறு வழியில் கட்டுப்படுத்துகிறது: ஆயுள் காப்பீட்டு நிதியில் பாதியாவது அரசுப் பத்திரங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட பத்திரங்களிலும் இருக்க வேண்டும் என்பது விதி. சாதாரணமாகத் தெரியும் இந்த விதி நம்மைப் பெரிய ஆபத்துகளிலிருந்து காத்து வந்திருக்கிறது. புது முறை வரும்போது இதைக் கைவிட்டுவிடக் கூடாது.

எக்ஸிக்யூட்டிவ் லைஃப் விழுந்த பிறகு

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் மத்திய அரசின் வேலையல்ல. 1945-ஆம் ஆண்டின் மெக்காரன்-ஃபெர்குசன் சட்டப்படி அது மாநிலங்களின் பொறுப்பு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் இன்சூரன்ஸ் கமிஷனர். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் அவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தக் கமிஷனர்களின் சங்கமான என்ஏஐசி 1871-லிருந்து இயங்குகிறது. மாதிரிச் சட்டங்களை எழுதுவது சங்கம், நிறைவேற்றுவது மாநிலம்.

1990-களின் தொடக்கம் வரை அங்கே நிலையான தொகைதான் கேட்டார்கள். மாநிலத்தையும் தொழிலையும் பொறுத்து 5 லட்சம் டாலரிலிருந்து 60 லட்சம் டாலர் வரை. கம்பெனி பெரிதா சிறிதா, பணத்தை எதில் போட்டிருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் இல்லை. இந்த நிலையில்தான் கலிஃபோர்னியாவின் எக்ஸிக்யூட்டிவ் லைஃப் கம்பெனி தன் முதலீட்டில் பாதிக்கும் மேல் ஜங்க் பாண்டுகளில், அதாவது தர மதிப்பீடு குறைந்த கடன் பத்திரங்களில், போட்டிருந்தது. அந்தச் சந்தை சரிந்தது. 1991 ஏப்ரலில் மாநிலக் கமிஷனர் ஜான் காரமெண்டி கம்பெனியைக் கையில் எடுத்தார். அதே ஆண்டு நியூஜெர்சியில் மியூச்சுவல் பெனிஃபிட் லைஃப் என்ற பழம்பெரும் கம்பெனியும் மாநிலத்தின் கைக்குப் போனது. அதைச் சாய்த்தது ரியல் எஸ்டேட் முதலீடு.

அதன் பிறகு வந்ததுதான் ஆர்பிசி எனப்படும் அபாய அடிப்படையிலான மூலதன முறை. ஆயுள் காப்பீட்டுக்கான சூத்திரம் 1992-ல் ஏற்கப்பட்டது. பொதுக் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வோர் அபாயத்துக்கும் ஒரு தொகை போடுவார்கள். எல்லா அபாயமும் ஒரே நாளில் வந்து தாக்காது என்பதால் அப்படியே கூட்டாமல், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள். முதலீட்டு அபாயம் 300, காப்பீட்டு அபாயம் 400 என்றால் மொத்தம் 700 அல்ல, 500. அந்த 500-ஐயும் பாதியாக்கி 250 என்பதைக் கீழ்த்தொகையாக வைக்கிறார்கள். கம்பெனி கையில் 1,000 இருந்தால் 400 சதவீதம்.

அமெரிக்க எண்கள் பெரிதாகத் தெரிவதற்கு இந்தப் பாதியாக்கல்தான் காரணம். நடவடிக்கை தொடங்கும் புள்ளி அங்கே 200 சதவீதம், ஐரோப்பாவில் 100, இந்தியாவில் 1.5. முதலில் சொன்ன மூன்று கம்பெனிகளையும் அவரவர் புள்ளியோடு ஒப்பிட்டால், அமெரிக்கக் கம்பெனியும் ஐரோப்பியக் கம்பெனியும் தலா 2.1 மடங்கு, இந்தியக் கம்பெனி 1.27 மடங்குதான். கணக்கிடும் முறை வேறுபடுவதால் இதுவும் முழுமையான ஒப்பீடு இல்லை. ஆனாலும் 420-ஐப் பார்த்து மயங்காமல் இருக்க இது போதும்.

சரி, எண் விழுந்தால் என்ன ஆகும்? அமெரிக்க முறையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 200 சதவீதத்துக்குக் கீழே போனால் 45 நாளுக்குள் கம்பெனி மீட்புத் திட்டம் கொடுக்க வேண்டும். 150-க்குக் கீழே போனால் கமிஷனர் தானே கணக்குகளைச் சோதித்து, திருத்த உத்தரவுகள் போட வேண்டும். 100-க்குக் கீழே நிர்வாகத்தைக் கையில் எடுக்க அவருக்கு அதிகாரம் வந்துவிடுகிறது. நீதிமன்றத்தில் வேறு காரணம் காட்டத் தேவையில்லை. 70-க்குக் கீழே அது கடமையாகிவிடுகிறது. விரைவில் சரியாகிவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் 90 நாள் பொறுக்கலாம், அவ்வளவுதான். செல்வாக்குள்ள ஒரு முதலாளி கமிஷனரைப் பார்த்து "கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்" என்று கேட்க இடமே வைக்கக் கூடாது என்று நினைத்து எழுதப்பட்ட சட்டம் இது.

ஓட்டைகளும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுவதைப் பயன்படுத்தி, கம்பெனிகள் தங்களுக்கே சொந்தமான துணைக் கம்பெனியைக் கண்டிப்பு குறைந்த மாநிலத்தில் தொடங்கி, பொறுப்புகளை அங்கே தள்ளின. 2013-ல் நியூயார்க் மாநிலத்தின் நிதிச் சேவைத் துறை விசாரித்தபோது இப்படித் தள்ளப்பட்டது 4,800 கோடி டாலர் என்று தெரிந்தது. மாநிலம் தன் எல்லைக்குள் இருக்கும் கம்பெனியைத்தான் பார்க்கும், குழுமத்தைப் பார்க்காது என்பதும் பழைய குறை. 2008-ல் ஏஐஜி என்ற அமெரிக்க இன்சூரன்ஸ் குழுமம் விழுந்தபோது அதை நாம் பார்த்தோம். இன்னொன்று எனக்கு ஏற்கவே முடியாதது: ஆர்பிசி விகிதத்தைக் காட்டி விளம்பரம் செய்வதையும் கம்பெனிகளைத் தரவரிசைப்படுத்துவதையும் அந்தச் சட்டம் தடை செய்கிறது. பலவீனமான கம்பெனியைக் கண்டுபிடிக்கத்தான் இந்த எண், பலமான இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அல்ல என்பது அவர்கள் சொல்லும் காரணம். தன் சேமிப்பை ஒப்படைக்கிறவருக்கு அந்தக் காரணம் போதாது.

ஐரோப்பாவின் நுணுக்கமான அளவுகோல்

சால்வன்சி 2 வேறு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. இருநூறு ஆண்டுகளில் ஒருமுறை வரக்கூடிய மோசமான ஆண்டு நாளைக்கே வந்தால் இந்தக் கம்பெனி தாங்குமா? அதற்குத் தேவையான தொகைதான் மூலதனத் தேவை. சொத்துகளையும் பொறுப்புகளையும் சந்தை மதிப்பில் வைத்து, பங்குகள் 39 சதவீதம் விழுந்தால், வட்டி ஏறினால், இறங்கினால், மக்கள் கூட்டமாகப் பாலிசியை சரண்டர் செய்தால் என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கிறார்கள். பெரிய கம்பெனிகள் அனுமதி பெற்று, பொதுச் சூத்திரத்துக்குப் பதிலாகத் தாங்களே உருவாக்கிய சொந்தக் கணக்கு மாதிரியையே பயன்படுத்தலாம். விகிதத்தையும் அது எப்படி வந்தது என்பதையும் ஆண்டுதோறும் பொதுவெளியில் வெளியிட்டாக வேண்டும். நாம் இங்கே ஒற்றை எண்ணைத்தான் பார்க்கிறோம். அவர்கள் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். இந்த வெளிப்படைத்தன்மை நமக்கும் வேண்டும்.

ஆனால் இவ்வளவு நுணுக்கமான முறையிலும் அரசியல் புகுந்திருக்கிறது. ஒன்றிய நாடுகள் தங்கள் சொந்த நாணயத்தில் வெளியிடும் அரசுப் பத்திரங்களுக்குச் சூத்திரத்தில் கடன் அபாயத்துக்காகக் கேட்கும் மூலதனம் பூஜ்யம். 2012-ல் கிரேக்க அரசுப் பத்திரம் வைத்திருந்த தனியார், முகமதிப்பில் 53.5 சதவீதத்தை இழந்தார்கள். அது நடந்து நான்கு ஆண்டுகள் கழித்து நடைமுறைக்கு வந்த சூத்திரத்திலும் அதே பூஜ்யம்தான் இருந்தது.

இன்னொரு சிக்கல், சந்தை மதிப்பில் அளந்தால் எண் சந்தையோடு சேர்ந்து ஆடும். அமெரிக்கா பெரும்பாலான பத்திரங்களை வாங்கிய விலையை ஒட்டி வைப்பதால் அங்கே எண் மெதுவாகவே நகரும். ஐரோப்பாவில் இந்த ஆட்டத்தைக் குறைக்கப் பலவகைச் சரிக்கட்டல்களைச் சேர்த்தார்கள். நடவடிக்கைக்கான கெடுவையும் தளர்வாக வைத்தார்கள். முதல் கோடான 100 சதவீதத்துக்குக் கீழே போனால் இரண்டு மாதத்தில் திட்டம், ஆறு மாதத்தில் மீட்சி, அதற்குமேல் மூன்று மாத நீட்டிப்பு. சந்தையே மொத்தமாகச் சரிந்த காலம் என்று அறிவித்தால் ஏழு ஆண்டுகள் வரைகூட நீட்டிக்கலாம். அதற்கும் கீழே உள்ள அடுத்த கோடு கண்டிப்பானது: அங்கே மூன்று மாதத்தில் மீளாவிட்டால் உரிமம் போய்விடும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று விளங்குகிறது. ஐரோப்பாவின் அளவுகோல் கூர்மையானது, அதனால் நடவடிக்கையில் நெகிழ்வு தேவைப்படுகிறது. அமெரிக்காவின் அளவுகோல் மந்தமானது, அதனால் நடவடிக்கையைக் கண்டிப்பாக வைக்க முடிகிறது. இரண்டுமே ஒருவகையில் சமநிலையில் இருக்கின்றன. இந்தியாவில் அளவுகோலும் மந்தம், நடவடிக்கையும் தளர்வு.

ஆதாரம் நம் கண்முன்னே இருக்கிறது. நேஷனல் இன்சூரன்ஸ், ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா ஆகிய மூன்று பொதுத்துறைக் கம்பெனிகளும் 1.5-க்கு வெகு கீழே பல ஆண்டுகளாக இருந்தும் பாலிசி விற்றுக்கொண்டே இருந்தன. 2019-20-லிருந்து மூன்று நிதியாண்டுகளில் மத்திய அரசு அவற்றுக்கு 17,450 கோடி ரூபாய் கொடுத்தது. அந்தக் கம்பெனிகளில் வேலை செய்பவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அரசுத் திட்டங்களின் சுமையையும் விலைப்போட்டியையும் சேர்த்துச் சுமந்தவர்கள் அவர்கள். முதலாளி அரசாக இருந்ததால்தான் கிளெய்ம் நிற்காமல் வந்தது. தனியார் கம்பெனி ஒன்று அதே எண்ணோடு அத்தனை ஆண்டுகள் ஓடினால் பின்னால் யார் நிற்பார்கள்?

அமெரிக்காவில் அதற்கு ஒரு பதில் உண்டு. கம்பெனி மூழ்கினால் மாநில உத்தரவாத அமைப்பு, மற்ற கம்பெனிகளிடம் வசூலித்து, பாலிசிதாரருக்கு வரம்புக்குட்பட்டுக் கொடுக்கும். ஆயுள் காப்பீட்டில் பல மாநிலங்களில் இறப்புத் தொகைக்கு 3 லட்சம் டாலர் வரை. ஐரோப்பாவில் ஒன்றியம் முழுவதற்குமான உத்தரவாத நிதி கிடையாது, நாட்டுக்கு நாடு வேறுபடும். 2018-ல் டென்மார்க்கின் ஆல்ஃபா கம்பெனி, அதன் மறுகாப்பீட்டாளரான நியூசிலாந்தின் சிபிஎல் விழுந்த கையோடு திவாலானபோது, எல்லை தாண்டிப் பாலிசி வாங்கியிருந்தவர்கள் தவித்தார்கள். இந்தியாவில் எல்ஐசி பாலிசிகளுக்கு எல்ஐசி சட்டத்தின் 37-ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு. மற்ற கம்பெனிகளின் பாலிசிதாரருக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஆகவே எனக்கு வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் அமெரிக்கப் படிகளைக் கொண்டுவரலாம். அதற்குப் புதுச் சூத்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைய 1.5-க்குக் கீழேயே மூன்று படி வைத்து, ஒவ்வொரு படியிலும் ஆணையத்துக்குக் கெடு தேதி வைக்கலாம். பொதுத்துறைக்கும் தனியாருக்கும் ஒரே கெடு. அதோடு சேர்த்து, சிறிய அளவிலாவது ஒரு பாலிசிதாரர் உத்தரவாத நிதி வேண்டும். அது இல்லாமல், கம்பெனியை மூடும் படியில் எந்த ஆணையமும் துணிந்து கால் வைக்காது. அப்புறம் சூத்திரம். இருநூறு ஆண்டுக் கேள்வியை ஐரோப்பாவிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சொந்த மாதிரிக்கான அனுமதியை முதல் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அந்த மாதிரிகளைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்கத் தேவையான அளவு ஆக்சுவரிகள், அதாவது காப்பீட்டு அபாயத்தைக் கணக்கிடும் நிபுணர்கள், ஆணையத்திடம் சேர்ந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.