ஆயில் பாய்லரை எடுத்துட்டு அரசு மானியத்துல ஹீட் பம்ப் போட்டோம்: நோவா ஸ்கோஷியாவுல ஒரு முழு குளிர்காலம் ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறேன்

எங்க வீடு கனடாவுல நோவா ஸ்கோஷியா மாகாணத்துல டார்ட்மவுத்ல இருக்கு, 1960கள்ல கட்டின பழைய வீடு. வாங்கும்போதே பேஸ்மென்ட்ல வீட்டைச் சூடு பண்ற ஒரு ஆயில் பாய்லர், அதுக்குப் பக்கத்துல 900 லிட்டர் டேங்க். டேங்க் தலையில சின்னதா ஒரு கண்ணாடிக் குப்பி, அதுக்குள்ள சிவப்பா ஒரு மிதவை. அந்த மிதவை கால்வாசிக்குக் கீழ இறங்கிச்சுன்னாலே எனக்கு வயித்தைக் கலக்கும், ஏன்னா லாரிக்காரர் ஒரு தடவை வந்து ஊத்திட்டுப் போனா ஆயிரம் டாலர் பில்லு. 2022ல லிட்டர் 2 டாலரைத் தாண்டினப்போ ராத்திரி தூங்கும்போது கூட அந்த மிதவை ஞாபகம்தான். டொரண்டோவுல இருக்கற சொந்தக்காரங்களுக்கு இதைச் சொன்னா புரியறதில்ல, அங்க பெரும்பாலும் கேஸ் லைன், நம்ம அட்லாண்டிக் பக்கம் நிறைய தெருவுக்கு கேஸே வரலை, அதனால காலம் காலமா ஆயில் லாரிதான்.

இப்ப மானியம் பத்தி. பேரு ஆயில் டு ஹீட் பம்ப் அஃபோர்டபிலிட்டி புரோகிராம் (ஹீட் பம்ப்ங்கறது வெளிக்காத்துல இருக்கற சூட்டை கரண்ட் மூலமா வீட்டுக்குள்ள கொண்டு வர்ற மெஷின்). 2022 நவம்பர்ல மத்திய அரசு அறிவிச்சப்போ 5,000 டாலர் வரைக்கும்தான்னாங்க, அடுத்த வருஷமே அது 10,000 ஆச்சு, அப்புறம் 2023 அக்டோபர் 26ஆம் தேதி அப்போதைய பிரதமர் ட்ரூடோ ஹீட்டிங் ஆயிலுக்கு கார்பன் டாக்ஸை மூணு வருஷம் நிறுத்தி வைக்கிறோம்னு சொன்னாரு இல்லையா, அதே அறிவிப்புலதான் கூடச் சேர்ந்து பணம் போடுற மாகாணங்கள்ல மத்திய பங்கை 15,000 வரைக்கும் ஏத்தினாங்க. நோவா ஸ்கோஷியா அப்படிச் சேர்ந்து போட்ட மாகாணம்.

இதுக்கு முன்னாடி 2021ல வந்த கிரீனர் ஹோம்ஸ் கிராண்ட்டுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லியே ஆகணும். அதுல உச்சபட்சம் 5,000தான் இருந்துது, அதுக்கும் வேலைக்கு முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை ஆள் வந்து வீட்ல சூடு எங்க வீணாகுதுன்னு ஆடிட் பண்ண வேண்டியிருந்துது, மொத்தச் செலவையும் நாமதான் முதல்ல போட வேண்டியிருந்துது, காசு அப்புறமாத்தான் வந்துது. கையில பதினஞ்சாயிரம் இருபதாயிரம் வச்சிருக்கறவனுக்குத்தான் அந்தத் திட்டம், ஆயில் பில் கட்ட முடியாம ஹீட்டரைக் குறைச்சு வச்சுட்டு உக்காந்திருக்கறவனுக்கு அது எட்டாக்கனி. புதுத் திட்டத்துல ஆடிட் கிடையாது, பணமும் நாம முழுசாக் கட்டி முடிச்சு மாசக்கணக்கா காத்திருந்து வாங்கற மாதிரி இல்ல. யாருக்கு உதவி தேவையோ அவங்களை நினைச்சு யோசிச்சிருக்காங்க, இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் மனசாரப் பாராட்டுவேன்.

நாங்க அப்ளை பண்ணப்போ தகுதி என்னன்னா, சொந்த வீடா இருக்கணும், நாமளே அதுல குடியிருக்கணும், குடும்ப வருமானம் வரி போக அந்த மாகாணத்தோட நடுத்தர அளவுக்குள்ள இருக்கணும் (வீட்ல எத்தனை பேர்ங்கறதைப் பொறுத்து அளவு மாறும்), கடைசி 12 மாசத்துல குறைஞ்சது 500 லிட்டர் ஆயில் வாங்கினதுக்கு ரசீது இருக்கணும். ரசீதை பத்திரமா வைங்க. எங்க ஆயில் ரசீது முழுக்க என் பேர்ல, வீட்டுப் பத்திரமும் வரிக் கடுதாசியும் இவர் (என் கணவர்) பேர்ல, அதைச் சரிபண்ணி ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்காரங்கதான்னு காட்டறதுக்கே ஒரு மாசம் ஓடிருச்சு. அப்ளை பண்றதுக்கு முன்னாடியே பேரெல்லாம் ஒத்துப் போகுதான்னு பார்த்துக்கங்க.

காசு கணக்கு. ஒரு லிட்டர் ஆயில்ல ஏறக்குறைய 10.6 யூனிட் சூடு இருக்கு, நம்ம ஊர் கரண்ட் யூனிட்டேதான். எங்க பழைய பாய்லர்ல அஞ்சுல ஒரு பங்கு புகையாப் போயிடும்னு வச்சுக்கிட்டா, வீட்டுக்குக் கிடைக்கிறது எட்டரை யூனிட். லிட்டர் 1.60 டாலர்னா ஒரு யூனிட் சூடு 19 சென்ட் ஆகுது. நாங்க கணக்குப் போட்டப்போ இங்க கரண்ட் யூனிட் 18 சென்ட் பக்கம், ஆனா ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்ட் எடுத்துட்டு குளிர்காலம் முழுக்க சராசரியா ரெண்டரை யூனிட் சூடு தருது, அப்போ ஒரு யூனிட் சூடு 7 சென்ட்டுக்கு வந்துருது. அது எப்படின்னு எங்க அத்தை (மாமியார்) கேட்டாங்க, ஃப்ரிட்ஜ் பின்னாடி கை வச்சுப் பாருங்க சூடா இருக்கும்ல, உள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளிய தள்ளுது, அதே வேலையை இது வெளிக்காத்துல இருந்து வீட்டுக்குள்ள செய்யுதுன்னேன். வெளியதான் ஐஸா உறைஞ்சு கிடக்கே அதுல ஏது சூடுன்னாங்க. நியாயமான கேள்வி. உள்ள ஓடற ரெஃப்ரிஜிரன்ட் சாதாரண காத்தழுத்தத்துல மைனஸ் 50 டிகிரி பக்கத்துலயே கொதிச்சு ஆவியாயிடும், அதுக்கு மைனஸ் 15 எல்லாம் வெந்நீர் மாதிரி.

எங்க வீட்டுக் கணக்குல, முன்னாடி வருஷம் 2,000 லிட்டர் ஆயில், 3,300 டாலர். இப்ப அந்த ஆயில் பில் சுத்தமா இல்ல, அதுக்குப் பதிலா கரண்ட் பில்லுல வருஷத்துக்கு 1,500 சொச்சம் ஏறியிருக்கு. ஆனா ஒண்ணு, இங்க ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கரண்ட் பில் வரும், ஜனவரி பிப்ரவரி பில்லைப் பார்த்து பயந்துராதீங்க, முன்ன ஆயிலுக்குத் தனியாக் கொடுத்ததை மறந்துட்டு அந்த ஒரு பில்லை மட்டும் பார்த்தா நெஞ்சு அடைச்சுரும்.

சரி, இனிமே சொல்றதுதான் நான் இதை எழுதக் காரணமே. பாய்லர்ங்கறது வீட்டைச் சூடு பண்றது மட்டும் இல்ல, அது சத்தமில்லாம இன்னும் ரெண்டு மூணு வேலை பார்த்துக்கிட்டு இருந்துது, கொட்டேஷன் கொடுக்க வந்த யாருமே அதைச் சொல்லலை. முதல்ல குளிக்கற வெந்நீர். எங்க மாதிரி சுவத்தோரம் வெந்நீர் பைப் ஓடற வீடுகள்ல பல வீட்ல அதே பாய்லர்தான் குழாய் வெந்நீருக்கும். ஹீட் பம்ப் மட்டும் போட்டா ஆயிலை விடவே முடியாது, ஒரு குளியலுக்காக அந்த முழு பாய்லரும் கோடைகாலத்துலயும் எரியும். நாங்க கொட்டேஷன் வாங்கின மூணு பேர்ல ரெண்டு பேர் நாலு ஹெட் (ரூம் சுவத்துல மாட்டற உள் யூனிட்) போடலாம் அஞ்சு ஹெட் போடலாம்னு ஹெட் கணக்குதான் சொன்னாங்க. இந்த மானியத்துல வாட்டர் ஹீட்டர் மாத்தறது, கரண்ட் பேனலைப் பெருசு பண்றது, குளிர் அதிகமானா கைகொடுக்கற பேக்கப் எலக்ட்ரிக் ஹீட்டர், பழைய டேங்க்கை எடுக்கறது எல்லாமே சேர்த்தி! அதைச் சொன்னவர் ஒருத்தர்தான், அவர்கிட்டயே கொடுத்தோம். மூணு ஹெட், 200 ஆம்ப் பேனல், எலக்ட்ரிக் வெந்நீர் டேங்க், மாடி ரூம்ல சுவத்தோட அடியில மாட்டற ரெண்டு சின்ன எலக்ட்ரிக் பேஸ்போர்டு ஹீட்டர், ஆயில் டேங்க் அகற்றம். எங்க கைக்காசு 2,000 டாலருக்குள்ள முடிஞ்சுது.

ரெண்டாவது விஷயம் மாவு மூலமாத்தான் தெரிஞ்சுது. அத்தை இட்லிக்கு மாவு அரைச்சா பாத்திரத்தைக் கீழ கொண்டு போய் பாய்லர் பக்கத்துல ஸ்டூல் மேல வைப்பாங்க, ஜனவரியா இருந்தாலும் காலைல பொங்கி மூடியைத் தூக்கிட்டு நிக்கும். பாய்லரை எடுத்த பிறகு அதே ஸ்டூல், அதே பாத்திரம், காலைல போய்ப் பார்த்தா மாவு ஊத்தின அளவுலயே கல்லு மாதிரி கிடக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் உளுந்து சரியில்லன்னு நினைச்சாங்க. அப்புறம்தான் இவர் தெர்மாமீட்டர் எடுத்துட்டுப் போய்ப் பார்த்தாரு, பேஸ்மென்ட் 8 டிகிரி! அதுவரைக்கும் பாய்லர்ல இருந்து வீணாக் கசியற சூடுதான் கீழ்த்தளத்தையே காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. 8 டிகிரின்னா மாவோட போகாது, ஜன்னலோரம் ஓடற தண்ணி பைப் உறைஞ்சு வெடிக்கிற நிலைமைக்குக் கொஞ்சம்தான் பாக்கி. மாவு பொங்காததாலதான் எங்க பைப் தப்பிச்சுது. உடனே பேஸ்மென்ட் சுவத்தோட மேல் விளிம்புல இன்சுலேஷன் வச்சோம், கீழ ஒரு சின்ன ஹீட்டரை 12 டிகிரிக்கு செட் பண்ணி விட்டோம். மாவு இப்ப ஓவனுக்குள்ள லைட்டைப் போட்டுட்டு வைக்கிறோம், நல்லாவே பொங்குது.

வேலை சுத்தம்தான், ஆனா ஒரு தப்பு பண்ணிட்டாங்க. வெளி யூனிட்டை நேரா கூரை விளிம்புக்குக் கீழ வச்சுட்டாங்க, பனி உருகிச் சொட்டுச் சொட்டா அது தலையில விழுந்து ராத்திரி உறைஞ்சு ஒரு பக்கம் முழுக்க ஐஸ் பலகை. ஃபேன் இறக்கை உரசற சத்தம் கேட்டுத்தான் எழுந்தோம். மூணு ஃபோன், ரெண்டு வாரம் கழிச்சு வந்து உசரமா ஸ்டாண்டு போட்டு மேல சின்னதா ஒரு கூரை வச்சாங்க. பொருத்தற அன்னிக்கே வெளிய போய் நின்னு மேல பாருங்க, கூரைத் தண்ணி எங்க விழுதுன்னு. தரையில இருந்தும் நல்லா உசரத்துல இருக்கணும், பனி இங்க முழங்கால் வரைக்கும் வரும்.

இன்னொண்ணு, கடுங்குளிர்ல அப்பப்ப உள்ள காத்து நின்னுரும், வெளி யூனிட்ல இருந்து புஸ்ஸுன்னு வெள்ளையா ஆவி கிளம்பும். முதல் தடவை புகைன்னு நினைச்சு மெயினையே ஆஃப் பண்ணிட்டோம். அது டிஃப்ராஸ்ட், மேல படிஞ்ச பனியை அதுவே உருக்கிக்குது, சில நிமிஷத்துல திரும்ப ஓடும். ராத்திரி குறைச்சு காலைல ஏத்தற பழக்கத்தையும் விட்டுருங்க, ஒரே டிகிரில விட்டாத்தான் இதுக்குச் சிக்கனம், பாய்லர் மாதிரி திடீர்னு சூடேத்த இதுக்கு வராது. கதவு சாத்தின ரூமுக்குச் சூடு போகாது, அதையும் மனசுல வச்சுக்கங்க.

கரண்ட் போனா என்ன பண்ணுவீங்கன்னு கேக்காதவங்க இல்ல. 2022 செப்டம்பர்ல ஃபியோனா புயல் வந்தப்போ இந்த மாகாணத்துல 4 லட்சத்துக்கும் மேல வீடு கடைக்குக் கரண்ட் இல்ல, எங்களுக்கு நாலு நாள். அப்ப ஆயில் பாய்லர்தான் இருந்துது, டேங்க் நிறைய ஆயிலும் இருந்துது, ஆனா பர்னரும் பம்ப்பும் ஓட கரண்ட் வேணுமே, அதுவும் சும்மாதான் கிடந்துது. அதனால இந்த விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதான்.

எனக்கு இந்தத் திட்டத்துல இருக்கற பெரிய மனக்குறை வாடகைக்கு இருக்கறவங்களைப் பத்தி. புதுசா வந்த நம்ம பிள்ளைங்க நாலஞ்சு பேர் சேர்ந்து எடுத்திருக்கற பழைய வீடுகள்ல ஆயில் செலவை அவங்களே கட்டறாங்க, வீட்டுக்காரர் அங்க குடியில்லாததால மானியத்துக்கு அப்ளை பண்ண முடியாது, பிள்ளைங்களுக்கு வீடு சொந்தமில்ல, அவங்களாலயும் முடியாது. குளிர்ல அதிகமா நடுங்கறது அவங்கதான். அவங்களுக்கும் ஒரு வழி வைக்கணும், எம்.பி. ஆபீஸுக்கு நான் இதை எழுதியும் போட்டிருக்கேன்.

கடைசியா டேங்க். டேங்க்கை எடுக்கும்போது வெளிச்சுவத்துல நீட்டிக்கிட்டு இருக்கற ஊத்தற பைப்பையும் காத்துப் பைப்பையும் கட்டாயம் எடுத்து ஓட்டையை அடைக்கச் சொல்லுங்க. எங்களுக்கு ஹீட் பம்ப் போட்டவர் அதுல பிடிவாதமா இருந்தாரு, அன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டார்ச் வச்சுக்கிட்டு சிமென்ட் பூசிட்டுத்தான் போனாரு. ஆயில் கம்பெனிக்கு ஃபோன்ல சொல்லி தானா ஊத்தற கணக்கை நிறுத்தச் சொல்லியிருந்தோம், ஆனாலும் நவம்பர்ல ஒரு மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ்ல இருக்கும்போது லாரி வந்து நின்னிருக்கு. அத்தை ஜன்னல் வழியாப் பார்த்திருக்காங்க. லாரிக்காரர் வழக்கம்போல ஹோஸை இழுத்துட்டு வீட்டுப் பக்கவாட்டுக்குப் போய், பைப் இருந்த இடத்துல கையால தடவிப் பார்த்துட்டு, அந்தப் புது சிமென்ட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நின்னிருக்காரு. அந்தப் பைப் மட்டும் இருந்திருந்தா 900 லிட்டரும் பேஸ்மென்ட் தரையில. அப்புறம் ஹோஸைத் திரும்பச் சுத்திக்கிட்டு லாரியை எடுத்துட்டுப் போயிட்டாராம்.